பட்டுக்குரலின் முதல் புத்தகம்

இன்றைய பெண்ணைப் பற்றி ஒரு புத்தகம் எழுதுவது என்று முடிவெடுத்ததும் பட்டுக்குரல் செய்த முதல் காரியம், டிராக்குக்குப் போன் போட்டதுதான்.

"சாயங்காலம் வந்துட்டுப் போ. ஒரு புத்தகம் எழுதணும்."

கடைக்குப் போய் அரைக் கிலோ வெங்காயம் வாங்கிவரச் சொல்கிற குரலில் சொன்னார். அந்தக் குரலுக்குத்தான் ஊரே மயங்கிக் கிடந்தது. பட்டுக்குரல் என்பது பத்திரிகைக்காரர் யாரோ இளமையில் கொடுத்த பட்டம். ஒட்டிக்கொண்டு, நாளடைவில் சொந்தப் பெயரை விழுங்கி ஏப்பமும் விட்டுவிட்டது. டிராக்குக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை. அவளுக்கு வேலையே பெயராகிவிட்டது.

அவள் டிராக் பாடுகிறவள். பெரிய பாடகி ஸ்டுடியோவுக்கு வருவதற்கு முன்பே பாட்டை முழுதாக ஒருமுறை பாடிவைப்பது அவள் வேலை. பெரிய பாடகி வருவார், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்த டிராக்கைக் கேட்பார், வரிவரியாக அதன்மேல் பாடுவார். பாடி முடித்ததும் டிராக்கை அழித்துவிடுவார்கள். பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கும்போது அவள் அதில் இருக்கமாட்டாள். இதைச் சொன்னால் "அதான் சம்பளம் குடுக்கறாங்கல்ல" என்பார்கள். கொடுத்தார்கள்தான்.

பட்டுக்குரலை 'அவர்' என்றும் இவளை 'அவள்' என்றும் எழுதுவது யாருக்காவது உறுத்தினால் மன்னிக்கவும். ஸ்டுடியோவில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கதை மட்டும் திருந்தி என்ன ஆகப்போகிறது!

டிராக் பாடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. தன் குரலில் பாடக்கூடாது. யார் வந்து பாடப்போகிறாரோ அவர் மாதிரிப் பாடவேண்டும். பட்டுக்குரலின் குழைவு, வரியின் கடைசியில் வருகிற அந்தச் சின்னச் சிணுங்கல், மூச்சை அடக்கி விடுகிற தினுசு எல்லாம் டிராக்குக்கு அத்துப்படி. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. ஏமாந்து போகிறவர்களுக்கும் ஏதாவது ஒன்றில் கர்வம் இருக்கத்தானே வேண்டும்.

இன்னொரு வழக்கம். சில சமயம் மெட்டு தயாராக இருக்கும், பாட்டு வரி வந்திருக்காது. அப்போது டிராக்கு வாயில் வந்ததைப் போட்டுப் பாடிவைப்பாள். 'அடுப்பில் வைத்த பால் பொங்கியதே, மூடி எங்கே போனதோ' என்று ஒரு காதல் மெட்டில் உருகியிருக்கிறாள். இதற்கு டம்மி வரி என்று பெயர். கவிஞர் பிறகு வந்து நிஜ வரியை எழுதுவார். டம்மி வரியை யாரும் குறை சொல்வதில்லை. யாரும் காதுகொடுத்துக் கேட்பதும் இல்லை. அழியப்போகிற வரிதானே என்று எல்லோருக்கும் தெரியும்.

சாயங்காலம் போனபோது பட்டுக்குரல் முகத்தில் ஏதோ பச்சைக் களிம்பைப் பூசிக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தார்.

"பதிப்பாளரம்மா உயிரை எடுக்கறா. இப்பல்லாம் பாடினா மட்டும் பத்தாதாம். கருத்து வேணுமாம். இன்றைய பெண்ணைப் பத்தி நான் எழுதினா பிச்சுக்கிட்டுப் போகுமாம்."

"எழுதுங்கக்கா."

"நீ ஒரு டிராக் எழுதிக் குடு. நான் அதுமேல எழுதிக்கறேன்."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். டிராக்கு சிரிக்கவில்லை. அவளுக்கு அது நியாயமான பேச்சாகவே பட்டது. அதோடு அவளுக்கும் அவரிடம் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது.

காரியம் இதுதான். இருவரையும் வழக்கமாகப் பாடக் கூப்பிடுகிற இசையமைப்பாளரின் புதுப்படத்தில் ஒரு சின்னப் பாட்டு. வேலை முடிந்து கடைசி பஸ்ஸில் தனியாக வீடு திரும்புகிற ஒரு பெண் பாடுவது. இந்தச் சின்னப் பாட்டுக்கும் பட்டுக்குரல்தானா என்று முடிவாகாததால், இசையமைப்பாளர் "நீ உன் பாட்டுக்குப் பாடிவை" என்று டிராக்கிடம் சொல்லிவிட்டார். யார் மாதிரியும் பாடவேண்டிய அவசியம் இல்லாமல், அவளும் தன் பாட்டுக்குப் பாடினாள். கேட்டுவிட்டு அவர் இன்னொருமுறை ஓட்டச் சொல்லிக் கேட்டார். "இதையே வச்சுடலாம்மா. எதுக்கும் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு. என் படத்துல எல்லாப் பாட்டும் அவங்கதான்னு ஒரு பேச்சு இருக்கு. அவங்க விட்டுக்குடுத்தா எனக்குச் சரி."

அவள் ஆசைப்பட்டது ஒரே ஒரு பாட்டு. அழிக்காமல் விடப்படுகிற ஒரு பாட்டு. அதைக் கேட்கத்தான் அன்று போயிருந்தாள். மென்று விழுங்கிக் கேட்டும் விட்டாள்.

"அட, இவ்ளோதானா? புத்தகத்தை முடிச்சுக் குடு. அந்தப் பாட்டை நீயே வச்சுக்க" என்றார் பட்டுக்குரல். "எனக்கென்ன, பாட்டுக்கா பஞ்சம்?"

டிராக்கு அப்போதே பையிலிருந்து நோட்டை எடுத்தாள். அந்த நேரத்தில் அவர் கேட்டிருந்தால் புத்தகம் என்ன, கல்வெட்டே வெட்டிக் கொடுத்திருப்பாள்.

"சரி, எழுதிக்கோ" என்று அவர் ஆரம்பித்தார். "இன்றைய பெண் யாரையும் நம்பி இல்லை. ஏய், அந்தத் திரையை இழுத்துவிடு, கண்ணு கூசுது. எங்க விட்டேன்?"

"யாரையும் நம்பி இல்லைங்கறதுல விட்டீங்க."

"ஆங். தன் வேலையைத் தானே பார்த்துக்கறா. என் மூக்குக்கண்ணாடி எங்கன்னு பாரு. ஆணுக்குச் சரிசமமா நிக்கறா. நிக்கறான்னா சும்மா இல்ல, நிமிர்ந்து. நிமிர்ந்துன்னு போட்டுக்கோ. அப்புறம்…"

அப்புறம் ஒன்றும் வரவில்லை. குறட்டைதான் வந்தது. இன்றைய பெண்ணைப் பற்றிப் பட்டுக்குரலுக்கு இருந்த கருத்தெல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துபோயிற்று. அதிலும் அரைப் பக்கம் 'நிமிர்ந்து'.

மீதிப் பக்கங்களை டிராக்கு எங்கே போய்த் தேடுவாள்? அக்கம்பக்கத்தில்தான். கோரஸ் பாடுகிற பெண்களில் ஒருத்தி கைக்குழந்தையை வாத்தியப் பெட்டிமேல் தூங்கப் போட்டுவிட்டுப் பாடுவாள். அவள் ஒரு அத்தியாயம். மேல்மாடி வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே அலுவலகத்துக்கு ஒரே வண்டியில் போய், வழியில் மட்டும் சிநேகமாக இருப்பார்கள். அது ஒரு அத்தியாயம். டிராக்கின் கணவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் ஆசிரியன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று இருக்கும் பிரேக்கை மிதிப்பது அவன் தொழில். அவனைக் கேட்டாள்.

"உங்ககிட்ட கத்துக்க வர்ற பொம்பளைங்க என்ன பேசுவாங்க?"

"முதல் நாள் ஒண்ணும் பேசமாட்டாங்க. நாலு நாள் கழிச்சு, வண்டி தனியா ஓட ஆரம்பிச்சதும் அழுவாங்க."

"பயத்துலயா?"

"இல்ல. வீட்ல இதைப் போய்ச் சொன்னா யாரும் நம்பமாட்டாங்களேன்னு."

அது நல்ல அத்தியாயமாக வந்தது. எல்லாவற்றையும் 'நான்' என்றே எழுதினாள். நான் அழுதேன், நான் ஓட்டினேன், நான் குழந்தையைப் பெட்டிமேல் கிடத்தினேன். பட்டுக்குரலுக்குக் குழந்தையும் இல்லை, ஓட்டவும் தெரியாது. அடுப்படிக்கு வழி கேட்டால் வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிடுவார். இருந்தாலும் வரிக்கு வரி அந்தச் சிணுங்கலை எழுத்தில் கொண்டுவந்துவிட்டாள் டிராக்கு. படித்தால் அவரே பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். அதில் மறுபடியும் கர்வம்.

கடைசியில் ஒரே ஒரு அத்தியாயம் குறைந்தது. பதிப்பாளரம்மா தினமும் போன் செய்து, "அச்சுக்கு நேரமாச்சும்மா, எங்க உங்கக்கா எழுதற கடைசி அத்தியாயம்?" என்று நச்சரித்தார். அந்த வாரத்தில்தான் பஸ்ஸில் அது நடந்தது. டிராக்கும் அவள் மகளும் போய்க்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் பட்டுக்குரலின் பாட்டு ஓடியது. சரணத்தில் ஒரு வளைவு வந்ததும் டிராக்கு தன்னை மறந்து, "இந்த இடம் நான் போட்டது" என்று மகளிடம் சொல்லிவிட்டாள். முன்னிருக்கையில் இருந்த பெண்மணி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கேலிகூட இல்லை, பாவம் என்கிற சிரிப்பு. மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அம்மா, சும்மா இரேன்" என்றாள்.

மகள் வெட்கப்பட்டதைத்தான் டிராக்கால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். இந்த முறை சிணுங்கல் இல்லை.

'நான் பாடுகிறேன். இன்னொருத்தி அதைக் கேட்டு, அதன்மேல் பாடுகிறாள். பிறகு என்னை அழித்துவிடுகிறார்கள். அதற்குக் கத்தி, கம்பு எதுவும் வேண்டாம், ஒரு பொத்தான் போதும். பிறகு அவளுக்கு எல்லோரும் கைதட்டுகிறார்கள். நானும் தட்டுகிறேன். தட்டாவிட்டால் அடுத்த பாட்டுக்குக் கூப்பிடமாட்டார்கள்.'

இப்படியே போயிற்று. எழுதி முடித்ததும் காய்ச்சல் விட்டமாதிரி இருந்தது. கிழித்துப்போடத்தான் நினைத்தாள். பிறகு தொழில்புத்தி குறுக்கே வந்தது. டம்மி வரிதானே, இருக்கட்டும், எப்படியும் அக்கா இதன்மேல் தன்னுடையதை எழுதிக்கொள்வார் என்று மற்றவற்றோடு சேர்த்து அனுப்பிவிட்டாள். டம்மி என்று மேலே எழுதவில்லை. எந்த ஸ்டுடியோவில் அப்படி எழுதியிருக்கிறார்கள்?

பட்டுக்குரல் அதன்மேல் எதுவும் எழுதவில்லை. பிரிக்கக்கூட இல்லை. கட்டோடு பதிப்பாளரம்மாவுக்குப் போய்ச் சேர்ந்து, அச்சேறி, அட்டையில் பட்டுக்குரல் நிமிர்ந்து நிற்கிற படத்தோடு புத்தகமாகிவிட்டது. தலைப்பு 'என் குரல் எனக்கே'. அதுமட்டும் பட்டுக்குரலின் சொந்தக் கற்பனை.

வெளியீட்டு விழாவுக்கு முந்தின நாள் காலையில் போன் வந்தது.

"மேடையில ஒரு அத்தியாயம் படிக்கணுமாம். கடைசி அத்தியாயம். பதிப்பாளரம்மா அதைப் படிச்சுட்டு ஒரே அழுகையாம். நீ அதைப் படிச்சு, பதிவு பண்ணி அனுப்பு. காதுல சின்னதா ஒண்ணை மாட்டிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே சொல்லிடறேன். நமக்குப் பழக்கமான வழி."

டிராக்கு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, முந்தின நாள் வந்திருந்த பிரதியை எடுத்தாள். புத்தகத்தைப் புரட்டினாள். அச்சு அசலாக அவள் எழுதியது எழுதியபடியே இருந்தது.

"அக்கா, இது வேண்டாமே. அந்தக் கார் ஓட்டற அத்தியாயம் நல்லா இருக்கும்."

"ஏன், இது நல்லா இல்லையா?"

"நீங்க படிச்சுப் பார்த்தீங்களா?"

"இப்பவே படிச்சுட்டா மேடையில உணர்ச்சி வராது."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்கா படிப்பார், படித்தால் அதில் வருகிற 'இன்னொருத்தி' யார் என்று புரியும், புரிந்தால் பாட்டு போய்விடும். சொல்லாவிட்டால் ஒருவேளை தப்பிக்கலாம். டிராக்கு கணக்குப் போட்டாள், கோழைகள் போடுகிற கணக்கு. இன்னொன்றும் இருந்தது, அவளே ஒத்துக்கொள்ளமாட்டாள். அந்த வரிகள் ஒரு சபையில் ஒலிப்பதை ஒருமுறையாவது கேட்கவேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை.

படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பதிவு செய்தாள். உணர்ச்சி கலக்காமல், ரேஷன் கடை வரிசையில் நின்று படிக்கிற மாதிரி, கடகடவென்று. பாதியில் மகள் பள்ளிக்குப் போகிற அவசரத்தில் கதவுக்கு வெளியே நின்று ஏதோ கத்தினாள். இவளும் பதிலுக்குக் கத்திவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். மறுபடி முதலிலிருந்து படிக்க நேரமில்லை. அனுப்பிவிட்டாள்.

விழா ஒரு பெரிய ஓட்டல் அரங்கத்தில். மேடை நிறையப் பூங்கொத்து, கீழே நாற்காலி நிறைய மனிதர்கள். டிராக்கும் அவள் கணவனும் பின்வரிசைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் பட்டுக்குரல், பதிப்பாளரம்மா, தலைமை தாங்க இசையமைப்பாளர்.

பட்டுக்குரல் எழுந்தார். முடியைக் காதோரம் ஒதுக்குவதுபோல் காதில் மாட்டியிருந்ததைத் தட்டி ஓடவிட்டார். புத்தகத்தைத் திறந்து கையில் பிடித்தார். "நான் பாடுகிறேன்" என்று ஆரம்பித்தார்.

டிராக்கு ரேஷன் கடை வரிசையில் நின்று படித்ததெல்லாம் அங்கே போய் எப்படி அப்படி ஆனது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். எந்த இடத்தில் குழைய வேண்டுமோ அங்கே குழைந்தார். "ஒரு பொத்தான் போதும்" என்ற இடத்தில் குரல் உடைந்தது. நல்ல பாடகி என்றால் சும்மாவா. என்ன வார்த்தை என்று தெரியாமலே அழத்தெரியும். அத்தியாயம் முழுவதையும் அவர் ஒரு பக்கம்கூடத் திருப்பாமல் படித்தார். அதை யாரும் கவனிக்கவில்லை.

பாதியில் ஒரு கணம் நின்றார். நெற்றி சுருங்கியது. டிராக்குக்குச் சட்டென்று ஞாபகம் வந்து, புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

"கட்டிலுக்குக் கீழ பாரு" என்றார் பட்டுக்குரல், தழுதழுத்த குரலில்.

அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"ரெண்டும் ஜோடியா இருக்கான்னு பார்த்துக்கோ. நேத்தும் ஒத்தையைத்தான் போட்டுட்டுப் போன."

இரண்டாவது வரிசையில் ஒரு பெண்மணி விம்மினார். பத்திரிகை விமர்சகர் ஒருவர் பாய்ந்து குறித்துக்கொண்டார். மறுநாள் அவர், திருமணம் என்ற அமைப்பின் அடித்தளத்தை நோக்கி வீசப்பட்ட கூர்மையான கேள்வி என்று எழுதினார். பதிப்பாளரம்மா 'கட்டிலுக்குக் கீழ பாரு' என்ற வரியைப் பெரிய எழுத்தில் சுவரொட்டியே அடித்துவிட்டார். மகளின் காலுறை கட்டிலுக்குக் கீழேதான் இருந்தது, ஜோடியாகவே இருந்தது. அது யாருக்கும் தேவைப்படவில்லை.

படித்து முடித்ததும் சபை எழுந்து நின்று கைதட்டியது. டிராக்கும் தட்டினாள். தன் வார்த்தைகளுக்கு ஊரே எழுந்து நிற்பதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது அவளுக்கு, மறைப்பானேன்? அப்போது ஒரு இளம் பத்திரிகையாளர் கை தூக்கினார்.

"மேடம், உங்களை அழிச்சுட்டு உங்க குரல்மேல பாடினாங்களே, அந்தப் பாடகி யாரு?"

பட்டுக்குரலின் கை காதுக்குப் போயிற்று. காதில் சத்தம் ஒன்றும் இல்லை. டிராக் முடிந்துவிட்டது. இந்தக் கேள்விக்கு யாரும் டிராக் போட்டுக் கொடுக்கவில்லை. எத்தனையோ வருஷத்தில் முதல்முறையாக அவரே ஒரு வார்த்தையைத் தேடவேண்டியிருந்தது. அரங்கம் காத்திருந்தது. அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"இன்னைக்கும் பெரிய இடத்துல இருக்காங்க" என்றார். "பேர் சொல்ல விரும்பல. நான் அவங்களை மன்னிச்சுட்டேன்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அவர் மன்னித்த விதத்தைப் பார்த்தால், மன்னிக்கப்பட்டவரே நேரில் வந்து காலில் விழுவார் போல இருந்தது. வழியில்லை, இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் இருந்தார்கள்.

பிறகு இசையமைப்பாளர் எழுந்தார். அவர் கெட்டவர் இல்லை. மைக் கையில் கிடைத்தால் யாருக்காவது எதையாவது கொடுத்துவிடுகிற வியாதி மட்டும் உண்டு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எனக்குப் பேச வரல. என் புதுப்படத்துல ஒரு பாட்டு இருக்கு. தனியா வீட்டுக்குத் திரும்பற ஒரு பெண்ணோட பாட்டு. வேற ஒரு குரல் வச்சிருந்தேன். இன்னைக்கு இதைக் கேட்டப்புறம் தெரியுது, அழிக்கப்பட்ட ஒரு குரல்தான் அதைப் பாடணும். அந்தப் பாட்டு இந்த அக்காவுக்குத்தான்!"

டிராக்கின் கணவன் வலது காலால் தரையை ஓங்கி மிதித்தான். பழக்கதோஷம். அங்கே பிரேக் இல்லை.

"எழுந்து சொல்லு" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "நீ எழுதினதுன்னு சொல்லு."

"யார் நம்புவா?"

டிராக்குக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. பட்டுக்குரல்மேல் பாதி, தன்மேல் பாதி. தன் வாயால் சொல்லத் துணியாததை எழுதினாள். எழுதியதை டம்மி என்று சொல்லித் தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். அந்த எழுத்தே அவள் பாட்டைப் பிடுங்கி, அழகாகச் சுற்றி, இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டது. நன்றாக எழுதியதற்குத் தண்டனை. சுமாராக எழுதியிருந்தால் தப்பித்திருப்பாள்.

கூட்டம் கலைந்தபோது பட்டுக்குரல் அவளைக் கட்டிக்கொண்டார்.

"பாட்டு போச்சேன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே. மேடையில குடுக்கறதை வேண்டாம்னு சொன்னா மரியாதையாவா இருக்கும்? அடுத்த தடவை பார்த்துக்கலாம். ரெக்கார்டிங் அன்னிக்கு நீயும் வந்துடு. நீ இருந்தா எனக்குத் தெம்பு."

"வரேன்க்கா" என்றாள் டிராக்கு. அப்படித்தான் வாயில் வந்தது.

ரெக்கார்டிங் அன்று காலையில் ஸ்டுடியோவில் வழக்கமான கூட்டம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், இசையமைப்பாளர், சுவரோரமாக டிராக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பட்டுக்குரல். அவர் காதில் டிராக் ஓடியது. ஒரு வரி பாடினார், நின்றார். மறுபடி பாடினார், மறுபடி நின்றார்.

"இது என்ன இவ இப்படிப் பாடி வச்சிருக்கா?" என்று எரிச்சலோடு கேட்டார். "எங்க எடுக்கறா, எங்க விடறான்னே தெரியல. என்னோட அந்த இழுப்பு எங்க? ஒரு இடத்துலயும் காணோமே?"

காணோம்தான். அந்த ஒரு பாட்டைத்தான் டிராக்கு தன் பாட்டுக்குப் பாடியிருந்தாள். பட்டுக்குரல் அதைப் பிடிக்கப் பார்த்தார், கிடைக்கவில்லை. குரல் முன்னே போனால் மெட்டு பின்னே நின்றது. ஒலிப்பதிவாளர் உதட்டைப் பிதுக்கினார். அரை மணிநேரம் இப்படியே போனதும் பட்டுக்குரல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து வெந்நீர் கேட்டார்.

இசையமைப்பாளர் டிராக்கு பக்கம் திரும்பினார். "ஒண்ணு பண்ணும்மா. நீ உள்ள போய் அக்கா மாதிரி ஒரு தடவை பாடி வச்சுடு. பழைய டிராக்கை அழிச்சுடலாம். அக்கா அதைக் கேட்டுப் பாடிடுவாங்க."

"ஆமா, என்னை மாதிரி பாடு" என்றார் பட்டுக்குரல்.

டிராக்கு எழுந்தாள். நாலு எட்டு வைத்தால் கதவு. உள்ளே போய்ப் பாடினால் பத்து நிமிஷ வேலை. தன் குரலைத் தானே அழித்துவிட்டு வெளியே வந்து டீ குடிக்கலாம். கால் நகரவில்லை. அக்கா மாதிரி என்றால் எது மாதிரி என்று யோசித்தாள். அந்தக் குழைவு, இழுப்பு, சிணுங்கல் எல்லாம் யாருடையது? கடைசியாக இவர் தானாகப் பாடி அவள் எப்போது கேட்டாள்? எந்தப் பாட்டை நினைத்தாலும் அதற்கு முன்னால் அவளே பாடிய டிராக்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதற்கும் முன்னால் ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு ரேடியோவில் கேட்ட பழைய பாட்டு இரண்டொன்று இருக்கலாம். அவ்வளவுதான். அவர் மாதிரி இவள் பாட, இவள் மாதிரி அவர் பாட, நடுவில் அவர் எப்போதோ காணாமல் போயிருந்தார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பயமும் வந்தது. இதோடு இந்த ஸ்டுடியோ கதவு சாத்திக்கொள்ளும் என்பதும் தெரிந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொள்ள முடியவில்லை.

"நீங்க ஒரு தடவை பாடிக் காட்டுங்கக்கா" என்றாள். "உங்களை மாதிரி எப்படின்னு கேட்டுக்கறேன். கேட்டுட்டு அதே மாதிரி பாடிடறேன்."

குரலில் மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. இசையமைப்பாளர் தலையாட்டினார். "அதுவும் சரிதான். அக்கா, சும்மா ஒரு தடவை உங்க பாணியில பாடி விடுங்க. டிராக்கை எடுத்துட்டு வெறும் மெட்டை ஓட்டறோம்."

பட்டுக்குரல் டிராக்கைப் பார்த்தார். என்னமோ புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. பெண் குரலைப் பற்றிப் புத்தகமே போட்டாயிற்று. வெந்நீரை வைத்துவிட்டு உள்ளே போனார். ஹெட்ஃபோனை மாட்டினார். நிமிர்ந்து நின்றார். டிராக்கு தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மெட்டு தொடங்கியது. முன்னிசை முடிந்து குரல் வரவேண்டிய இடம் வந்தது. பட்டுக்குரல் வாயைத் திறந்தார். இடம் போயிற்று. ஒலிப்பதிவாளர் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். அந்த இடம் மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பட்டுக்குரலின் முகத்தில் வியர்த்திருந்தது. அந்தக் கணத்தில் டிராக்குக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது. வந்தது உண்மை. ஆனால் எழுந்து போகிற அளவுக்கு வரவில்லை.

மைக்கில் பட்டுக்குரலின் குரல் கேட்டது. பட்டும் இல்லை, பஞ்சும் இல்லை, சாதாரணக் குரல்.

"டிராக்கு… முதல் வரியை எப்படி எடுக்கணும்?"

இசையமைப்பாளர் டிராக்கைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். ஏதோ ஒன்று மெல்ல அவர் மண்டையில் ஏறிக்கொண்டிருந்தது. ஒலிப்பதிவாளர், உள்ளே இருப்பவரோடு பேசுகிற பொத்தானை டிராக்கு பக்கம் நகர்த்தி, அழுத்திப் பேசும்படி கண்ணைக் காட்டினார். ஒரு வரி பாடினால் போதும். உள்ளே அவர் கப்பென்று பிடித்துக்கொள்வார்.

டிராக்கு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மெட்டை ஓட விடுங்கண்ணா" என்றாள்.